படகில் யார் இருப்பார்கள்?

கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலே, கொல்லிமலையில் பைல் நாட்டில் உட்கார்ந்துகொண்டு, பழைய மோட்டார் படகு வாங்குவதைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்க விரும்புகிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளலாம். இங்கே படகு என்றால் வாசலூர்பட்டி படகுத்துறைதான். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தவர்கள் தலைசுற்றல் தீர அதில் ஒரு சுற்று மிதித்துவிட்டுப் போவார்கள். ஆனால் சென்ற ஆண்டு மாசியிலிருந்து ஆனி வரை எங்கள் வீட்டில் மிளகு விலையைவிடப் படகு விலைதான் அதிகம் பேசப்பட்டது.

வாங்கியது நான் இல்லை, என் மகன். அவன் பிரான்சின் தென்கரையில் தூலோன் என்ற துறைமுக நகரத்தில் இருக்கிறான். காரைக்கால்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு பத்தி. எங்கள் ஊர் 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையில் இந்தியாவோடு சேர்ந்தது. சட்டப்படி சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான். அதன் பிறகு ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்று எழுதிக்கொடுத்தவர்கள் பிரெஞ்சுக்காரர் ஆனார்கள். என் அப்பா எழுதிக்கொடுக்கவில்லை. என் சம்பந்தியின் அப்பா எழுதிக்கொடுத்தார். சம்பந்தி பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து சொல்தாவாக ஓய்வு பெற்றவர். அவர் மகளைக் கட்டிக்கொண்டு 1998இல் என் மகன் அங்கே போனான். நானோ பிரெஞ்சு வழியில் ப்ரெவே வரை படித்துவிட்டு, புதுவை அரசின் மீன்வளத் துறையில் காரைக்காலில் எழுத்தராக இருந்து 2009இல் ஓய்வு பெற்றேன். பேரேட்டில் ஆயிரக்கணக்கான படகுகளை எழுதியிருக்கிறேன். சொந்தமாக ஒரு பரிசல்கூட வைத்திருந்ததில்லை.

ஓய்வுக்குப் பிறகு, கொல்லிமலையில் செவிலியராக வேலை பார்க்கும் மகளோடு வந்துவிட்டோம். பூட்டிக் கிடந்த காரைக்கால் வீட்டை விற்று மகனுக்கும் மகளுக்கும் சமமாகப் பிரித்தோம். மகள் தன் பங்கில் நாமக்கல்லில் மனை வாங்கினாள். மகன் தன் பங்கையும் அவன் மச்சான் பங்கையும் சேர்த்துப் படகு வாங்கப் போவதாகச் சொன்னான். பாதிப் பங்கு, நம் பணத்தில் 38 லட்சத்துக்குக் கிட்டத்தட்ட.

என் மனைவி இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு அவள் கடற்கரைக்குப் போனதே இல்லை. அந்த வாரம் நான் அலுவலகத்தில் படகு இழந்தவர்கள் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தேன்: படகு எண், இன்ஜின் எண், உரிமையாளர் பெயர். சில வரிகளுக்கு எதிரே கையெழுத்துப் போட ஆள் இல்லை. அதற்கு மேல் இங்கே எழுதவில்லை. வீட்டை விற்ற பணம் மறுபடி கடலுக்கே போகிறது என்பதுதான் அவள் மனதில் இருந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

மகன் பக்கத்து நியாயமும் உண்டு. அவனும் பேத்தியும் நாலைந்து வருடமாக ஒரு மன்றத்தில் சேர்ந்து ஆழ்கடலில் மூழ்கிப் பழகுகிறார்கள். தூலோன் பக்கம் அதற்குப் பேர்போன இடம். காற்று உருளையை முதுகில் கட்டிக்கொண்டு மூழ்கும் கருவியை, கடற்படை அதிகாரியாக இருந்த குஸ்தோ 1943 ஜூனில் கடலில் சோதித்துப் பார்த்ததே அருகிலுள்ள பந்தோலில்தான். பேத்திக்கு வயது 19. இரண்டாம் நிலைத் தேர்வு முடித்துவிட்டாள். அந்த நிலைக்கு வந்தவர்கள் ஆசான் இல்லாமலே தங்களுக்குள் சேர்ந்து 20 மீட்டர் வரை இறங்கலாம். கோடையில் போர்க்கரோல் போன்ற தீவுகளுக்குக் குடும்பத்தோடு போய், படகிலேயே சமைத்துத் தூங்கி, காலையில் மூழ்கிவிட்டு வர வேண்டும் என்பது அவர்கள் ஆசை.

எனக்கு வந்த வேலை, விளம்பரம் படிப்பது. மகனுக்குப் பேச்சுப் பிரெஞ்சு நன்றாக வரும். காகிதப் பிரெஞ்சு என்றால் அப்பாவுக்கு அனுப்பிவிடுவான். சிக்னலுக்காக மேட்டுக்கு ஏறி, சில்வர் ஓக் மரத்தடியில் நின்று நாற்பது ஐம்பது விளம்பரம் படித்திருப்பேன். அது தனி மொழி. படகை 'வெதெத்' என்கிறார்கள். சினிமா நட்சத்திரத்துக்கும் அங்கே அதே சொல்தான். 'தான் ஸோன் ஜ்யூ' என்றால் 'தன் சாற்றிலேயே இருக்கிறது' என்று பொருள். கட்டிய நாளிலிருந்து யாரும் கைவைக்கவில்லை என்பதை இவ்வளவு ருசியாகச் சொல்கிறார்கள். 'இன்ஜின் ரெவிஸே' என்று பாதிப் பேர் போடுகிறார்கள். என் பள்ளிக்கூடத்தில் ரெவிஸே என்றால் பாடத்தை மறுபடி படிப்பது; இங்கே எண்ணெய் மாற்றியதா, இன்ஜினைப் பிரித்துப் பார்த்ததா என்று ரசீதைக் கேட்டால்தான் தெரியும். விற்கும் காரணம் பெரும்பாலும் 'இரண்டாவது படகு இருப்பதால்'. அது உண்மையானால் மத்தியதரைக் கடலில் ஆளுக்கு இரண்டு படகு மிதக்க வேண்டும்.

படகுக்கு முன்னால் அதைக் கட்டும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்பதை மச்சான் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். மாட்டுக்கு முன்னால் கொட்டில். அங்கே பொதுத் துறைமுகங்களில் படகை விற்றால் கட்டுமிடம் கூடவே வராது. வாங்குகிறவர் தனியே வரிசையில் காத்திருக்க வேண்டும். மச்சான் ஒன்பது வருடம் காத்திருந்து ஓர் இடம் பெற்றிருந்தார். நீளம் பதினொன்றரை மீட்டருக்குள், அகலம் மூன்று மீட்டர் தொண்ணூறுக்குள் இருக்க வேண்டும். பாதி விளம்பரங்கள் அந்த ஒரு வரியிலேயே கழிந்தன.

மிச்சத்தில் மகன் மனதைப் பறிகொடுத்தது ஒரு வேகப் படகிடம். 2004இல் கட்டியது. இரட்டை டீசல் இன்ஜின். மணிக்கு 24 கடல் மைல் ஓடும். வெள்ளைவெளேர் என்று அன்னம் போல் இருந்தது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில், 'வெறும் 410 மணி நேரமே ஓடியது'. கார் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று நாம் பார்ப்பதுபோலப் படகுக்கு மணிக் கணக்கு. இன்ஜினிலேயே மணிகாட்டி இருக்கும்.

விற்பவர் அனுப்பிய பழைய ரசீதுகளை நான் தேதி வாரியாக அடுக்கினேன். முப்பத்தேழு வருடம் செய்த வேலை அது, கை தானாகச் செய்யும். 2013ஆம் வருடத்துப் பராமரிப்பு ரசீதில் மணிகாட்டி 392 என்று இருந்தது. அப்படியானால் அதற்குப் பிறகு பதினொரு வருடத்தில் 18 மணி நேரம். படகு ஓடவில்லை, மிதந்துகொண்டு மட்டும் இருந்திருக்கிறது.

நம் ஊர்ப் படகுக்காரர்களிடம் 'குறைவாக ஓடியது' என்று சொல்லிப் பாருங்கள், முகத்தைச் சுளிப்பார்கள். ஓடாத படகு கெட்ட படகு. நின்ற டீசல் டேங்கில் ஈரம் சேரும், அந்த ஈரத்தில் கிருமி வளர்ந்து கசடாகப் படியும். கடல் அமைதியாக இருக்கிறவரை அது தெரியாது. அலை தூக்கிப்போடும்போது கசடு கிளம்பி வடிகட்டியை அடைக்கும். இன்ஜின் நிற்கக் கூடாத நேரம் பார்த்து நிற்கும். அதோடு இந்தப் படகில் இன்ஜின் உள்ளே, புரொப்பெல்லர் மாட்டிய கால் பின்புறம் வெளியே. கால் உடம்பைவிட்டு வெளியேறும் ஓட்டையை ஒரு ரப்பர் உறைதான் காக்கிறது. சில வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய அந்த உறை கடைசியாக மாற்றப்பட்டதும் அதே 2013இல். அது கிழிந்தால் கடல் உள்ளே வரும்.

காரைக்காலில் பழைய விசைப்படகு வாங்குகிறவர்கள் தடைக்காலத்தில்தான் வருவார்கள். என் காலத்தில் 45 நாள்; இப்போது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அப்போதுதான் படகு கரையேறி நிற்கும், வயிறு தெரியும். ஏரா முழுக்கத் தட்டிக்கொண்டே நடப்பார்கள். சத்தத்தை வைத்தே எங்கே உளுத்தது என்று சொல்லிவிடுவார்கள். இதை மகனிடம் சொன்னேன். "இது மீன்பிடிப் படகு இல்லப்பா" என்றான். அதுவும் சரிதான். ஆனால் தண்ணீருக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

அவன் முன்பணம் கட்டத் தயாராக இருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் படகின் படத்தை அம்மாவுக்குக் காட்டினான். யார் எங்கே தூங்குவது, உருளைகளை எங்கே கட்டுவது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தான். மூழ்குகிறவர்கள் நாலு பேர்: அவன், பேத்தி, மச்சான், மச்சான் மகன். அதுவரை வாயைத் திறக்காதவள் அப்போதுதான் கேட்டாள்.

"நாலு பேரும் கீழ போயிட்டா படகுல யாரு இருப்பா?"

"உங்க மருமக இருப்பா."

"அவளுக்கு ஓட்டத் தெரியுமா?"

மகன் பதில் சொல்லவில்லை. மருமகள் அவன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வயது 45, முதியோர் இல்லத்தில் வேலை, நீச்சல் தெரியாது.

"மேல இருக்கறவளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னா, கீழ போறவங்க யாரை நம்பிப் போறீங்க?"

இந்த மலையில் தேனுக்குக் குறைவில்லை. மலைத்தேன் எடுப்பவர்களைப் பற்றி ஒரு பேச்சு உண்டு: பாறை விளிம்பில் தொங்குகிறவனின் கயிற்றைப் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும், தங்கச்சி தாலியை நினைத்து அவன் கை தளராது. மச்சான் துணையிருந்தால் மலையேறிப் பிழைக்கலாம் என்ற சொலவடையைக் கேட்டிருப்பீர்கள். கடலிலும் அதுதான் கதை. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. அங்கே குளியாள் கல்லைப் பற்றிக்கொண்டு இறங்குவான். அவன் உயிர், தோணியில் கயிறு பிடித்திருந்தவன் கையில். இப்போது கயிறு இல்லை, முதுகில் காற்று இருக்கிறது. அதனால் மேலே ஆள் வேண்டாம் என்று ஆகிவிடுமா? நீரோட்டம் ஒருவரை அரை மைல் தள்ளிக்கொண்டு போய் எழுப்பினால், நங்கூரத்தைத் தூக்கிப் படகை ஓட்டிப் போய்ச் சேர்க்க ஒரு கை வேண்டும். எங்கள் வீட்டில் மச்சானும் கீழே போகிறவர். கயிறு மருமகளிடம்தான்.

அன்றோடு கணக்கு தலைகீழானது. மூழ்குகிறவர்களுக்குப் படகு தேடிக்கொண்டிருந்தோம். இனி, மூழ்காதவளுக்குத் தேட வேண்டும். அடுத்த சனிக்கிழமை மருமகளை அந்த வேகப் படகுக்கே அழைத்துப் போய்ச் சுக்கானில் உட்காரவைத்தார்கள். அவள் எனக்கு எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன். ஓட்டும் இருக்கையிலிருந்து பின்புறம் தெரியவில்லை. அதாவது, ஏணியைப் பிடித்து ஏறுகிறவர் அங்கே இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் இன்ஜினைப் போட வேண்டும். புரொப்பெல்லர்களோ அந்த ஏணிக்குப் பக்கத்திலேயே. நங்கூரம் சிக்கினால் விடுவிக்க அணியத்துக்கு ஒரு சாண் அகல ஓரத்தில் நடக்க வேண்டும், பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. 'மாமா, இந்தப் படகு எனக்குப் பயமாக இல்லை, என்னைத்தான் அதற்குப் பிடிக்கவில்லை' என்று முடித்திருந்தாள்.

பிறகு பார்த்ததில் தேறியது 2006இல் கட்டிய ஒரு படகு. அந்த வகைக்கு அங்கே 'டிராலர்' என்று பெயர். நம் ஊரில் டிராலர் என்றால் இழுவைமடிப் படகு. அந்த உருவத்தைப் பார்த்துக் குடும்பப் படகு செய்து அதே பெயரை வைத்துவிட்டார்கள். பார்வைக்கு அன்னம் இல்லை, வாத்து. பதினோரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரே டீசல் இன்ஜின். 2,140 மணி நேரம் ஓடியது. மகன் எண்ணைப் பார்த்ததும் வேண்டாம் என்றான். நான் பிரித்துப் போட்டுக் காட்டினேன்: 18 வருடத்துக்கு 2,140 என்றால் வருடத்துக்கு ஏறக்குறைய 120 மணி நேரம். கெட்டும் போகாமல் களைத்தும் போகாமல் ஓடிய கணக்கு. ஒவ்வொரு வருடமும் எண்ணெய், வடிகட்டி மாற்றிய ரசீது இருந்தது. அந்தக் கிழவர் கோப்பு வைத்திருந்த அழகைப் பார்த்தபோதே படகை வாங்கிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. எழுத்தன் புத்தி.

சுக்கானுக்குப் பக்கத்திலேயே கதவு, திறந்தால் இடுப்பளவு கம்பி போட்ட நடைபாதை, அணியம் வரை. பின்பக்கக் கண்ணாடிக் கதவு வழியே ஏணி தெரியும். நங்கூரத்தைத் தூக்கும் மின்விசை சுக்கானடியில். ஒற்றை இன்ஜின் படகு துறையில் திரும்பச் சண்டித்தனம் செய்யும் என்பதால் அணியத்தில் பக்கவாட்டில் தள்ளும் சிறு மோட்டார் ஒன்று. புரொப்பெல்லர் உடம்புக்கு அடியில், ஏணியிலிருந்து தள்ளி. பின்புறம் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே அகலமான மேடை. உருளை, ஈயப் பட்டை எல்லாம் சேர்ந்து ஓர் ஆள் 25 கிலோ சுமையோடு ஏறுகிறார். மேடை உயரமாக இருந்தால் களைத்த உடம்பு ஏறாது. ஏணி ஒன்றை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. நடுவில் ஒற்றைத் தண்டு, இருபுறமும் படி நீட்டிக்கொண்டிருக்கும் ஏணி வேண்டும். காலில் துடுப்பைக் கழற்றாமலே ஏறலாம். அங்கே அதைக் 'கிளி ஏணி' என்கிறார்கள். கிளிக்கூண்டுக் கொம்பை நினைத்துக்கொள்ளுங்கள்.

விற்பவர் காற்று நிரப்பும் கம்ப்ரசரையும் சேர்த்துத் தருகிறேன் என்றார். பேத்தி வேண்டாம் என்றுவிட்டாள். படகின் புகை அதன் மூக்கில் ஏறினால் விஷவாயு உருளைக்குள் போய்விடும், மூழ்கிய பிறகு அதைத்தான் சுவாசிக்க வேண்டும், மன்றத்திலேயே நிரப்பிக்கொள்வோம் என்றாள். பத்தொன்பது வயதில் எனக்கு அவ்வளவு விவரம் இருந்ததில்லை.

வேகம்தான் மகனுக்கு மனக்குறை. 24 மைலில் ஓடினால் அந்த அன்னம் மணிக்கு எண்பது லிட்டர் குடிக்கும். வாத்து ஏழு மைலில் போனால் பத்து லிட்டரோடு சரி. தூலோனிலிருந்து போர்க்கரோலுக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். காரைக்காலிலிருந்து நாகூருக்கு மாட்டு வண்டியில் போன குடும்பம் நாம், இரண்டு மணி நேரம் பெரிதா என்று கேட்டேன்.

ஒப்பந்தத்தில் 'நிபுணர் ஆய்வுக்கு உட்பட்டது' என்று ஒரு வரி எழுதச் சொன்னேன். கடற்படகு நிபுணர் வந்து முதலில் இன்ஜினைக் கையால் தொட்டுப் பார்த்தாராம். சூடாக இருந்தால், குளிரில் கிளம்பாததை மறைக்க முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். குளிர்ந்துதான் இருந்தது. பாரந்தூக்கியில் படகை வெளியே எடுத்து, நம் ஆட்கள் மாதிரியே சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டு நடந்தார். ஃபைபர் உடம்பில் தண்ணீர் ஊறினால் கொப்புளம் வரும். குத்தினால் புளிக்காடி வாசனையோடு நீர் கசியும். ஏரா அருகே நாலைந்து இருந்தன. புகை வெளியேறும் இரும்பு முழங்கை துருப்பிடித்திருந்தது. அரிப்பைத் தான் வாங்கிக்கொண்டு மற்ற உலோகத்தைக் காப்பாற்றும் துத்தநாகக் கட்டிகள் கரைந்து போயிருந்தன. எல்லாம் சரிசெய்யக்கூடியவை. 92,000 யூரோ கேட்டவர் 84,500க்கு இறங்கினார்.

காகிதம் என் பொறுப்பு. 2022 ஜனவரியிலிருந்து அங்கே படகுக்கு ஒரே பதிவுச் சான்று. அதற்கு முன் இரண்டு இருந்தன. சான்றில் உள்ள இன்ஜின் எண்ணையும் இன்ஜினில் பொறித்த எண்ணையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லி ஒப்பிட்டேன். படகின் மேல் கடன் இல்லை என்ற சான்று கேட்டேன். வில்லங்கம் பார்க்காமல் மனை வாங்குவோமா? முதலில் விற்றபோது வரி கட்டிய ரசீதும் வந்தது. ஏழு மீட்டருக்கு மேற்பட்ட படகுக்கு ஆண்டு வரி உண்டு, படகுக்கு வயதாக ஆக அது குறையும். எங்களுக்கு நேர்மாறு: 80 வயதானால் ஓய்வூதியம் 20 சதவீதம் கூடும்.

முன்பணம் கட்டுமுன் மகனிடம் ஒரு நிபந்தனை போட்டோம், நானும் இவளும் சேர்ந்தே. மருமகள் படகு உரிமம் எடுக்க வேண்டும், எடுத்த பிறகுதான் நாலு பேரும் ஒன்றாக இறங்க வேண்டும். படகு பத்திரமாக ஒதுங்கக்கூடிய இடத்திலிருந்து ஆறு கடல் மைல் வரை ஓட்டும் உரிமம் அது. எழுத்துத் தேர்வில் நாற்பது கேள்வி, ஐந்து தவறு வரை விடுவார்கள். முதல் முறை ஏழு தவறு. இரவுப் பணி முடிந்து வந்து படித்தாள். எனக்குக் கேள்விகளை அனுப்புவாள், நான் இங்கிருந்து பிரெஞ்சில் பதில் எழுதிப் போடுவேன். மிதவைகளின் நிறமும் விளக்கும் இப்போது எனக்கும் மனப்பாடம். இரண்டாம் முறை மூன்று தவறுதான். செய்முறையும் ஜூனில் முடிந்தது. நீச்சலுக்கும் சேர்ந்திருக்கிறாள். ரேடியோவில் பதினாறாம் சானலில் கடல் மீட்பு மையத்தை எப்படி அழைப்பது, கைப்பேசி என்றால் 196 என்பதையெல்லாம் காகிதத்தில் எழுதிச் சுக்கானுக்கு மேலே ஒட்டியிருக்கிறாள், தமிழில்.

ஜூலையில் முதல் பயணம். போர்க்கரோல் அருகே மணல் தரையாகப் பார்த்து நங்கூரம் போட்டார்கள். அங்கே கடற்புல் பாதுகாக்கப்பட்டது, அதன்மேல் போடக் கூடாது. வெள்ளையும் நீலமுமான ஆல்ஃபா கொடியை ஏற்றிவிட்டு நாலு பேரும் இறங்கினார்கள். நாற்பத்திரண்டு நிமிடம் என்று மருமகள் எழுதியிருந்தாள். நிமிடக் கணக்கு அவள் எழுதியது. மற்றவர்கள் மீனைப் பற்றி எழுதினார்கள்.

அன்று மாலை வீடியோவில் எல்லோரும் ஒரே சத்தம். எங்களுக்கு இரவு பத்து மணி, வெளியே மழை. இவள் கைப்பேசியை என் கையிலிருந்து வாங்கி மருமகளை மட்டும் கூப்பிட்டாள்.

"நாலு பேரும் உள்ள இருந்தப்போ சாவி எங்க இருந்துச்சு?"

மருமகள் கழுத்திலிருந்து எடுத்துக் காட்டினாள். தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கட்டும் என்று ஒரு தக்கைப் பந்தில் கோத்திருந்தாள்.